வைசாகிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வைசாகியைச் 'சீக்கியர்களின் அறுவடைத் திருநாள்' என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது நம் பக்கத்து வழக்கம். அதை மட்டும் நம்பி அமிர்தசரஸுக்கு ரயில் ஏறுகிறவர் கோதுமை வயலையும் பாங்க்ரா ஆட்டத்தையும் தேடிக்கொண்டே இருப்பார். கண்ணெதிரே, சீக்கியர் வழிபாட்டு இடமான குருத்வாராவில் நடப்பது அவருக்குப் பிடிபடாது. விளைச்சல் வீடு வந்து சேரும் மகிழ்ச்சி இந்த நாளில் நிச்சயமாக உண்டு. அதைவிட ஆழமாக, 1699-இல் பஞ்சாபின் ஆனந்தபூரில் ஒரு சமூகம் புதுப் பிறவி எடுத்த நினைவும் உண்டு. இரண்டையும் அறிந்துகொண்டு போனால்தான் அன்று பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் பொருள் விளங்கும்.

சீக்கியர் அல்லாதவர் போகலாமா என்ற தயக்கமே வேண்டாம். முன்பின் தெரியாத ஆள் வந்தாலும் உட்கார இடமும் சாப்பிடத் தட்டும் செய்ய ஒரு வேலையும் கிடைக்கும்படிதான் குருத்வாரா அமைந்திருக்கிறது. என்னைக் கேட்டால், அந்த வேலைதான் வைசாகிக்குள் நுழையச் சரியான வாசல். ஒரு மணி நேரமாவது வெங்காயம் உரிக்கவோ தட்டு கழுவவோ நேரம் ஒதுக்கிவிட்டு மற்றத் திட்டங்களைப் போடுங்கள்.

தேதியை உறுதிசெய்யுங்கள்

வைசாகி ஏப்ரல் 13 அல்லது 14-இல் வரும். சூரியன் மேஷ ராசியில் நுழைவதை வைத்துக் கணக்கிடும் மாதப் பிறப்பு இது. நம் சித்திரை முதல் நாளும் அதே கணக்குதான். சூரிய அஸ்தமனத்துக்குப் பிறகு இந்த நுழைவு நிகழும் ஆண்டுகளில் நமக்கு மறுநாள்தான் புத்தாண்டு. பஞ்சாபில் அப்படிப் பார்ப்பதில்லை என்பதால் சில ஆண்டுகளில் அவர்களுக்கு ஒரு நாள் முந்திவிடும். பெயரைக் கேட்டு நம் வைகாசி மாதம் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களுடைய வைசாக் மாதம் நமக்குச் சித்திரை. 2003-இல் நடைமுறைக்கு வந்த சீக்கியர்களின் நானக்‌ஷாஹி நாட்காட்டி, வைசாகியை ஏப்ரல் 14 என்று நிலைநிறுத்தியது. ஆனால் எல்லா அமைப்புகளும் அதன் மூல வடிவத்தைப் பின்பற்றுவதில்லை.

ஆகவே நீங்கள் போகப்போகும் ஊர்க் குருத்வாராவில் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: முக்கிய நாள் எது, ஊர்வலம் எந்த நாளில் புறப்படுகிறது, கொடிமரத் துணி மாற்றும் நேரம் என்ன. ஊர்வலம் பெரும்பாலும் வேறொரு நாளில் நடக்கும். வெளிநாடுகளில் அருகிலுள்ள சனி, ஞாயிறுக்குத் தள்ளிவைப்பார்கள். ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சென்னையிலிருந்து போகிறவர்களில் பலர் டெல்லியில் இறங்கி வண்டி மாறுவார்கள். டெல்லி - அமிர்தசரஸ் சதாப்தி ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

வைசாகி நாளில் சீக்கியர்கள் ஒன்றுகூடும் வழக்கம் 1699-க்கு முன்பே உண்டு. மூன்றாவது குருவான அமர்தாஸ் காலத்திலேயே பஞ்சாபின் கோயிந்த்வாலில் வைசாகிக்கும் தீபாவளிக்கும் அடியார்கள் திரண்டார்கள். அறுவடை முடியும் தறுவாயில் கையில் கொஞ்சம் காசும் ஓய்வும் இருக்கும் நேரம். தொலைவிலிருந்து வருவதற்குத் தோதான நாள்.

1675-இல் ஒன்பதாவது குருவான தேக் பகதூர், ஔரங்கசீப்பின் ஆட்சியில் டெல்லி சாந்தினி சௌக்கில் தலை துண்டிக்கப்பட்டு உயிர்விட்டார். அவர் மகன் கோவிந்த் ராய்க்கு அப்போது ஒன்பது வயது. அந்தச் சிறுவன் பத்தாவது குருவாகி, 1699 வைசாகிக்கு எல்லாரும் ஆனந்தபூருக்கு வாருங்கள் என்று நாடெங்கும் சொல்லியனுப்பினார். அன்று வழங்கிய பழைய ஐரோப்பிய நாட்காட்டிப்படி அந்த நாள் மார்ச் 30; இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால் ஏப்ரல் 9. நட்சத்திரக் கணக்கில் ஓடும் ஆண்டு சற்றே நீளமானது. நூற்றாண்டுகள் போகப்போக வைசாகி மெல்ல நகர்ந்து இன்றைய தேதிக்கு வந்திருக்கிறது.

கூட்டத்தின் நடுவே குரு உருவிய வாளோடு வந்து நின்றார். எனக்கு ஒரு தலை வேண்டும், யார் தருகிறீர்கள் என்று கேட்டார். கூட்டம் உறைந்துபோனது. லாகூரைச் சேர்ந்த தயா ராம் எழுந்தார். அவரைக் கூடாரத்துக்குள் அழைத்துப்போன குரு, ரத்தம் சொட்டும் வாளோடு தனியே வெளியே வந்து இன்னொரு தலை கேட்டார். ஹஸ்தினாபுரத்து தரம் தாஸ் எழுந்தார். பிறகு பூரியிலிருந்து வந்த ஹிம்மத், துவாரகையின் மொஹ்கம் சந்த், பீதரின் சாகிப் சந்த். வெட்டப்பட்டதாகக் கூட்டம் எண்ணிய ஐந்து பேரும் புத்தாடை உடுத்தி உயிரோடு திரும்பி வந்தார்கள். மரபு சொல்லும் கதை இது. இந்த ஐவரையும் 'பஞ்ச் பியாரே', அன்புக்குரிய ஐவர் என்கிறார்கள்.

அவர்களுடைய ஊரையும் தொழிலையும் கவனியுங்கள். ஒருவர் கத்ரி வகுப்பார், ஒருவர் ஜாட் உழவர், ஒருவர் தண்ணீர் சுமப்பவர், ஒருவர் துணியில் அச்சிடுபவர், ஒருவர் நாவிதர். பஞ்சாப், கங்கைச் சமவெளி, ஒடிசா, குஜராத், கர்நாடகம் என்று திசைக்கு ஒருவர். பீதர் இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. ஐவரில் ஒருவர் நம் தென்னாட்டிலிருந்து போனவர் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. இவர்கள் எல்லாரும் ஒரே இரும்புக் கிண்ணத்தில் வாய்வைத்துக் குடித்தார்கள். தொட்டால் தீட்டு என்று ஊர் பிரிந்து கிடந்த காலத்தில் அது நடந்தது.

கிண்ணத்தில் இருந்தது தண்ணீர். குருவின் துணைவியார் அதில் பதாசா என்னும் சர்க்கரை மிட்டாயை இட்டதாக மரபு. பிரார்த்தனைப் பாடல்களை ஓதியபடி, காண்டா எனப்படும் இருபுறக் கூர்வாளால் கலக்கி, அதை அமிர்தமாகக் கொடுத்தார் குரு. சாதியைச் சுட்டும் பெயர்கள் போய் ஆண்கள் சிங் ஆனார்கள். பெண்களுக்கு கௌர் என்ற பெயர். இப்படி உருவான அமைப்புதான் கால்சா. அடுத்து நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. குரு அந்த ஐவர் முன் மண்டியிட்டு, எனக்கும் அமிர்தம் கொடுங்கள் என்று கேட்டார். சற்றுமுன் தான் கொடுத்ததைத் தன் சீடர்கள் கையாலேயே வாங்கிக் குடித்து, கோவிந்த் ராய் குரு கோவிந்த் சிங் ஆனார்.

அமிர்தம் பெற்றவர்கள் ஐந்து அடையாளங்களைத் தாங்குகிறார்கள்: வெட்டாத முடியான கேஷ், மரச் சீப்பான கங்கா, இரும்பு வளையமான கடா, உள்ளாடையான கச்சேரா, குறுவாளான கிர்பான். எல்லாச் சீக்கியரும் அமிர்தம் பெற்றவர்கள் அல்லர். விருப்பத்தோடும் தயாரிப்போடும் ஏற்கும் உறுதி அது. வைசாகி நாளில் பலர் அமிர்தம் பெறுவார்கள். ஆனால் அந்தச் சடங்கு வேடிக்கை பார்ப்பதற்கு இல்லை. உள்ளே விடும்படி கேட்காதீர்கள்.

எந்த ஊருக்குப் போவது?

ஆனந்தபூர் சாகிப்தான் கதை நடந்த இடம். கால்சா பிறந்த மேட்டில் இன்று தக்த் கேஷ்கட் சாகிப் என்னும் குருத்வாரா நிற்கிறது. குரு காலத்துக் காண்டா உள்ளிட்ட ஆயுதங்களை அங்கே தரிசனத்துக்கு வைத்திருக்கிறார்கள். சண்டிகரிலிருந்து சாலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். சீக்கிய வரலாற்றைச் சொல்லும் விராசத்-ஏ-கால்சா அருங்காட்சியகமும் ஊரிலேயே இருக்கிறது; 2011-இல் திறந்தார்கள், வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. அமிர்தசரஸை விட இங்கே மூச்சு விட இடம் கிடைக்கும்.

கிராமத்து வைசாகியைப் பார்க்க ஆசையா? பதிண்டாவுக்குப் பக்கத்திலிருக்கும் தல்வண்டி சாபோவுக்குப் போங்கள். குரு கோவிந்த் சிங் போர்களுக்குப் பின் தங்கியிருந்த தம்தமா சாகிப் குருத்வாரா அங்கேதான். மால்வா வட்டாரத்து உழவர்கள் டிராக்டர் டிரெய்லரில் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். நகரத்து வசதிகளை எதிர்பார்க்காதவருக்கு ஏற்ற இடம்.

அமிர்தசரஸ்? முதல்முறை போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் போவார்கள், போகவும் வேண்டும். ஆனால் வைசாகி அன்று பொற்கோயில் கருவறைக்குப் போகும் பாலத்தில் வரிசை பல மணி நேரம் நீளும். முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் ஒரு நாள் முன்னதாகவே உள்ளே தரிசனத்தை முடித்துவிட்டு, வைசாகி அன்று குளத்தைச் சுற்றியுள்ள பளிங்குப் பாதையில் மட்டும் இருங்கள். கீர்த்தனை ஒலிபெருக்கியில் எங்கும் கேட்கும்; எதையும் இழந்தவர்களாக மாட்டீர்கள். அறை கிடைக்காவிட்டால் கோயில் நிர்வாகத்தின் சராய் எனப்படும் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. ஆனால் பண்டிகை நாளில் அவை நிரம்பி வழியும் என்பதால் அவற்றை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

உடையும் தலையும்

தலையை மூடாமல் குருத்வாராவுக்குள் நுழையக்கூடாது. ஆண், பெண், குழந்தை எல்லாருக்கும் இது பொது. தொப்பி உதவாது. பெரிய கைக்குட்டை அளவு பருத்தித் துணியை நெற்றியில் வைத்துப் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். மறந்து போனால் வாசலிலேயே ருமால் துணி கிடைக்கும். பெண்கள் துப்பட்டாவாலோ சேலை முந்தானையாலோ மூடிக்கொள்ளலாம். பட்டுச் சேலை வழுக்கிக்கொண்டே இருக்கும் என்பதால் பருத்தி நல்லது. கையும் காலும் மூடிய உடை போதும். மஞ்சளோ காவியோ உடுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உடுத்தினால் மகிழ்வார்கள்.

சிகரெட், பீடி, புகையிலை, பான் பராக், மது எதுவும் பையில்கூட இருக்கக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. சீக்கிய நெறியில் புகையிலைக்கு இருக்கும் தடை அவ்வளவு உறுதியானது.

செருப்பை ஜோடா கர் என்னும் செருப்பு வைக்கும் இடத்தில் கொடுத்து வில்லை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் செருப்பைக் குனிந்து கையில் வாங்குகிறவர் மருத்துவராகவோ தொழிலதிபராகவோ இருக்கலாம். சேவைக்காக வந்து நிற்பவர். கால் கழுவும் சிறு நீர்த்தொட்டியைக் கடந்து உள்ளே போங்கள். ஏப்ரல் நடுவில் விடியற்காலை குளிர்ச்சியாகவும் பகல் 35 டிகிரியை நெருங்கும் வெயிலாகவும் இருக்கும். விரிப்பு போட்ட வழியை விட்டு விலகினால் நண்பகலில் பளிங்குத் தரை காலைச் சுடும். விடியலுக்கு முன் போய்ச் சேருவதே சுகம்.

உள்ளே என்ன செய்ய வேண்டும்?

நடுவில் மேடை, மேலே விதானம், அதன்கீழ் பட்டுத் துணிகளுக்கிடையே குரு கிரந்த் சாகிப். 1,430 பக்கங்கள் கொண்ட இந்த நூல்தான் சீக்கியர்களின் இன்றைய குரு. 1708-இல் நாந்தேடில் மறைவதற்கு முன் குரு கோவிந்த் சிங், தனக்குப் பின் மனித குரு இல்லை, கிரந்தமே குரு என்று அறிவித்தார். நூலுக்குச் சாமரம் வீசுவது, இரவில் அதைத் தனி அறையில் பள்ளிகொள்ளச் செய்வது எல்லாம் ஒரு குருவுக்குச் செய்யும் மரியாதைகள். உள்ளே குருமாரின் பாடல்களோடு நெசவாளர் கபீர், தோல் தொழிலாளர் ரவிதாஸ், தையற்காரர் நாம்தேவ், சூஃபி ஞானி ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் இருக்கின்றன.

நேராக முன்னே போய், உண்டியலில் விரும்பியதை இட்டு, நெற்றி தரையில் படக் குனிந்து வணங்குங்கள். மனம் ஒப்பாதவர்கள் கைகூப்பித் தலைவணங்கினாலே போதும். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பிறகு ஓரமாக விலகி, தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். நூலை நோக்கிக் காலை நீட்டக்கூடாது. முட்டி வலி உள்ளவர்களுக்குப் பின்பக்கமோ பக்கவாட்டிலோ நாற்காலி போட்டிருக்கும் குருத்வாராக்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள். அர்ச்சனை, தீபாராதனை, திருநீறு எதையும் எதிர்பார்க்காதீர்கள். பாட்டுதான் வழிபாடு. ஆர்மோனியமும் தபலாவும் வைத்துக்கொண்டு ராகிகள் பாடுவார்கள். மொழி புரியாவிட்டாலும் நம் காதுக்கு ராகம் பிடிபடும்.

வைசாகிக்கு இரண்டு நாள் முன்னதாகவே பல குருத்வாராக்களில் அகண்ட பாடம் தொடங்கிவிடும். ஓதுபவர்கள் மாறிமாறி, ஏறத்தாழ 48 மணி நேரம் இடைவிடாமல் முழு நூலையும் ஓதி வைசாகி காலையில் நிறைவு செய்வார்கள். நிறைவில் எல்லாரும் எழுந்து நிற்க அர்தாஸ் என்னும் பொதுப் பிரார்த்தனை நடக்கும். நீங்களும் எழுந்து கைகூப்பி நில்லுங்கள். 'சர்பத் தா பலா', எல்லாருக்கும் நன்மை உண்டாகட்டும் என்ற வேண்டுதலில் அது முடியும். அடுத்து நூலைத் திறந்து, கண்ணில் படும் பாடலை அன்றைய ஆணையாக வாசிப்பார்கள். யாரோ ஒருவர் உரத்த குரலில் "போலே ஸோ நிஹால்" என்பார். கூட்டம் முழுவதும் "சத் ஸ்ரீ அகால்" என்று முழங்கும். தயங்காமல் சேர்ந்து முழங்குங்கள்.

அதன்பின் கடா பிரசாதம் வரும். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவு. நெய்யில் மாவைப் பொன்னிறம் தாண்டி வறுத்து, சர்க்கரை கரைத்த நீரை ஊற்றிக் கிளறியது. உட்கார்ந்தபடி இரண்டு கைகளையும் குவித்து வாங்க வேண்டும். ஒற்றைக் கையை நீட்டாதீர்கள். நெய் கையில் வழியும். துடைக்கக் கைக்குட்டை இருக்கட்டும்.

பொற்கோயிலில் கருவறைக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. வெளிப் பாதையில் எடுக்கலாம். குளத்தில் நீராடுகிறவர்களையும் கண்மூடி ஓதுகிறவர்களையும் விட்டுவிடுங்கள். நீங்களும் நீராடலாம், பெண்களுக்குத் தனி மறைப்பிடம் உண்டு. சோப்பும் நீச்சலும் கூடாது.

கொடிமரம் உடுத்தும் காட்சி

இதைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு குருத்வாரா வாசலிலும் நிஷான் சாகிப் என்னும் உயரமான கொடிமரம் நிற்கும். உச்சியிலிருந்து அடிவரை துணி சுற்றியிருக்கும். வழிப்போக்கனுக்கு இங்கே உணவும் இடமும் உண்டு என்று தொலைவிலிருந்தே சொல்லும் அடையாளம் அது. பல குருத்வாராக்களில் வைசாகி அன்று பழைய துணியைக் களைந்து, மரத்தைப் பாலும் தண்ணீரும் விட்டுக் கழுவி, புதுத் துணி உடுத்துவார்கள். சில இடங்களில் மரத்தையே சாய்த்து இறக்குவார்கள். சில இடங்களில் ஒருவரைக் கம்பிக் கயிற்றில் உச்சிக்கு ஏற்றுவார்கள்.

கழுவும்போது கூட்டம் நெருங்கி வரும். சின்னக் குழந்தைகளைத் தூக்கிப்பிடித்து மரத்தைத் தொடவைப்பார்கள். தயங்கித் தள்ளி நின்றால் உங்கள் கையையும் யாராவது பிடித்து அழைத்துப்போவார்கள். துணி ஏறி முடித்ததும் மலர் தூவி, அர்தாஸ் சொல்லி உள்ளே திரும்புவார்கள்.

லங்கரில் உட்காருங்கள், பிறகு எழுந்து வேலை செய்யுங்கள்

லங்கர் என்பது குருத்வாராவின் பொதுச் சமையலறையும் அதன் பந்தியும். யாரிடமும் பணம் வாங்குவதில்லை, யார் எவர் என்று கேட்பதில்லை. பேரரசர் அக்பர் குரு அமர்தாஸைப் பார்க்க வந்தபோதுகூட, முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகே சந்திப்பு என்று சொல்லப்பட்டதாம். மரபுக் கதைதான், ஆனாலும் அந்த விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. பொற்கோயிலில் சாதாரண நாளிலேயே பல பத்தாயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். வைசாகிக் கூட்டத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசலில் எஃகுத் தட்டும் கிண்ணமும் கரண்டியும் தருவார்கள். வரிசையில் எங்கே இடம் வருகிறதோ அங்கே உட்காருங்கள். குடும்பத்தோடு சேர்ந்துதான் உட்காருவேன் என்று வரிசையைக் கலைக்காதீர்கள். பருப்பு, காய், ரொட்டி, பாயசம் போன்ற கீர் வரும். எல்லாம் சைவம் என்பதால் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. ரொட்டியைத் தட்டில் போட மாட்டார்கள், கையில் தருவார்கள்: இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி வாங்குங்கள். அங்கே ரொட்டியைப் 'பர்ஷாதா' என்பார்கள். "பர்ஷாதா ஜி", "தால் ஜி" என்று கூவிக்கொண்டு பரிமாறுபவர்கள் வருவார்கள். போதும் என்றால் "பஸ் ஜி". எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம், ஆனால் தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதே முறை.

சாப்பிட்டதும் வெளியேற அவசரப்படாதீர்கள். பக்கத்துக் கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். போய் உட்கார்ந்தால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள்; விண்ணப்பமும் இல்லை, பெயர்ப் பதிவும் இல்லை. "சேவா கர் சக்தா ஹாங் ஜி?" என்று ஆண்கள் கேட்கலாம், பெண்களானால் "சக்தி". கை கழுவி, தலைத்துணி நழுவாமல் கட்டிக்கொள்ளுங்கள். மாவு உருட்டுவது, பட்டாணி உரிப்பது போன்றவை புதியவர்களுக்கு எளிது. ரொட்டி தேய்ப்பதில் நம் வீட்டுச் சப்பாத்தி வேகம் போதாது. பக்கத்திலிருக்கும் பாட்டியம்மா திருத்திக் கொடுப்பார். தட்டு கழுவும் தொட்டிகளில் சத்தமும் ஈரமும் அதிகம், மாற்று உடை இருந்தால் அங்கே நில்லுங்கள். கொதிக்கும் பெரிய கொப்பரைகளின் பக்கம் மட்டும் பழகியவர்கள் சொல்லாமல் போகாதீர்கள்.

மொழி தெரியாமல், பெயர் தெரியாமல், ஒரே கூடை வெங்காயத்தைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்கும்போது 1699-இன் இரும்புக் கிண்ணம் எதற்காக என்பது தானாகவே விளங்கத் தொடங்குகிறது. நான் படித்த எந்த விளக்கமும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

ஊர்வலத்தில்

நகர் கீர்த்தன் என்பது கீர்த்தனையோடு ஊரை வலம்வரும் ஊர்வலம். முன்னே துடைப்பத்தோடு சிலர் சாலையைப் பெருக்கிப் போவார்கள், தண்ணீர் தெளிப்பார்கள். பின்னால் பஞ்ச் பியாரேயாக நியமிக்கப்பட்ட ஐவர் வெறுங்காலோடு, உருவிய வாளேந்தி நடப்பார்கள். மலரால் அலங்கரித்த வண்டியில் குரு கிரந்த் சாகிப் வரும். கட்கா என்னும் சீக்கியத் தற்காப்புக் கலை வீரர்கள் வாளும் கம்பும் சுழற்றுவார்கள். நம் சிலம்பம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் காலடிகள் நிச்சயம் பிடிக்கும். கட்கா வட்டத்துக்குள் மட்டும் படம் எடுக்க நுழைய வேண்டாம், வாள் உண்மையானது.

வழிநெடுக வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் மேசை போட்டுப் பூரி, கடலை, பழம், இனிப்பு, சர்பத் கொடுப்பார்கள். வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதைவிடச் சிறிதளவு வாங்கிக்கொள்வது மரியாதை. வண்டி கடக்கும்போது தலையை மூடி நின்று வணங்குங்கள். காகிதத் தட்டைச் சாலையில் போடாதீர்கள். அதைப் பெருக்கப் பின்னாலும் ஆட்கள் வருவார்கள் என்றாலும்.

ஜாலியன்வாலா பாக்

அமிர்தசரஸில் இருப்பவர்கள் பொற்கோயிலிலிருந்து சில நிமிட நடையில் இந்த இடத்துக்குப் போய்விடலாம். 1919 ஏப்ரல் 13, வைசாகி நாள். ரௌலட் சட்டத்தை எதிர்த்தும், சத்யபால், கிச்லு ஆகிய தலைவர்களைப் பிடித்துச் சென்றதைக் கண்டித்தும் கூட்டம் கூடியது. திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வந்து, தடையுத்தரவு போட்டிருப்பதே அறியாமல் அங்கே இளைப்பாற உட்கார்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஜெனரல் டயர் முன்னறிவிப்பு இல்லாமல் சுட உத்தரவிட்டார். பத்து நிமிடம், 1,650 தோட்டாக்கள். அரசுக் கணக்கு 379 பேர் இறந்ததாகச் சொன்னது. காங்கிரஸ் விசாரணை ஏறத்தாழ ஆயிரம் என்றது. சுவரில் குண்டு துளைத்த தடங்களும் உயிர் தப்பப் பலர் குதித்த கிணறும் இன்றும் இருக்கின்றன. வைசாகி நாளின் மகிழ்ச்சிக்கு நடுவே பஞ்சாபிகள் இங்கே வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். சிரித்தபடி செல்ஃபி எடுக்கும் இடம் இது அல்ல.

வயலுக்கும் மேளாவுக்கும்

அறுவடைப் பக்கத்தைப் பார்க்க நகரை விட்டு வெளியேற வேண்டும். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் விதைத்த கோதுமை ஏப்ரலில் பொன்னாக நிற்கும். முன்பு அரிவாளோடு ஊரே இறங்கிய வேலையை இன்று பெரும்பாலும் அறுவடை இயந்திரங்கள் செய்கின்றன. வானிலை தள்ளிப்போனால் வைசாகி அன்று பல வயல்களில் இன்னும் அறுப்பே தொடங்கியிருக்காது. அந்த வாரத்தில் ஒரு மழை, ஓர் ஆலங்கட்டி விழுந்தால் ஆறு மாத உழைப்பு சாய்ந்துவிடும் என்பதால் உழவர்கள் வானத்தைப் பார்த்தபடியே பண்டிகை கொண்டாடுகிறார்கள். தானியச் சந்தையான மண்டிக்குள் போய்ப் பாருங்கள். கன்னா ஊர் மண்டி ஆசியாவிலேயே பெரியவற்றில் ஒன்றாகப் பேசப்படுவது. குவித்த கோதுமையைத் தூற்றும் இடத்தில் தூசி பறக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் அணியுங்கள்.

மேளா என்னும் திருவிழாச் சந்தையில் டோல் மேளம் முழங்க பாங்க்ரா ஆடுவார்கள். மேற்குப் பஞ்சாபின் சியால்கோட் வட்டாரத்து உழவர் ஆட்டமாக அறியப்பட்டது, 1947 பிரிவினைக்குப் பின் இந்தப் பக்கத்து மேடைகளில் பரவியது. பெண்கள் வட்டமாக நின்று கைதட்டி கித்தா ஆடுவார்கள். ஜிலேபி, மல்யுத்தம், ராட்டினம் என்று பொழுது போகும். வைசாகி சீக்கியர்களுடையது மட்டுமல்ல. பஞ்சாபி இந்துக்களும் நீராடி, கோயிலுக்குப் போய், மேளாவுக்கு வருகிறார்கள்.

பேச்சில் கொஞ்சம் கவனம்

சந்திக்கும்போது "சத் ஸ்ரீ அகால் ஜி". வாழ்த்துச் சொல்ல "வைசாகி தியாங் லக் லக் வதாயியாங்". வயதில் மூத்த ஆணைப் 'பாஜி' என்றும் பெண்ணைப் 'பைண்ஜி' என்றும் அழைத்தால் முகம் மலரும். தலைப்பாகையைத் தொடாதீர்கள், கிர்பானை உருவிக் காட்டச் சொல்லாதீர்கள். விழாக்களில் வெளியாருக்குத் தலைப்பாகை கட்டிவிடும் இளைஞர்கள் உண்டு. கட்டிக்கொள்ளுங்கள், அது தலையில் இருக்கும்வரை புகைக்கவோ குடிக்கவோ கூடாது. இன்னொன்று: நம் ஊரில் சர்வசாதாரணமாகச் சொல்லப்படும் சர்தார்ஜி நகைச்சுவைகளை அங்கே மட்டுமல்ல, எங்கேயும் விட்டுவிடுங்கள். 1675, 1699, 1919 என்று படித்த பிறகு அவற்றைச் சொல்ல நாக்கு எழாது.

பஞ்சாபுக்குப் போக முடியாவிட்டால்

சென்னையில் தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் குருத்வாரா இருக்கிறது. குரு நானக் இலங்கைப் பயணத்தோடு தொடர்புடையதாக நம்பப்படும் ராமேஸ்வரத்திலும் ஒன்று உண்டு. ஐவரில் ஒருவரின் ஊரான பீதரில் நானக் ஜீரா சாகிப் குருத்வாரா இருக்கிறது. குரு கோவிந்த் சிங் மறைந்த நாந்தேடும் தெற்கிலிருந்து அமிர்தசரஸை விட வெகு அருகில். லண்டன் சவுத்தாலிலும் கனடாவின் சர்ரேயிலும் மிகப்பெரிய நகர் கீர்த்தன்கள் நடக்கின்றன. அங்கே வாழும் தமிழர்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய்விடலாம். சிங்கப்பூர், மலேசியாவிலும் குருத்வாராக்களுக்குக் குறைவில்லை.

சிறிய குருத்வாராக்களில் பண்டிகை நாளுக்கு எப்போதும் ஆள் பற்றாது. முதல் நாள் மாலையே போய் எத்தனை மணிக்குச் சமையல் தொடங்குகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் விடியலுக்கு முன்பே அடுப்பு பற்றவைத்துவிடுவார்கள். ஏதாவது வாங்கிப்போக விரும்பினால் பூமாலையோ தேங்காய்ப் பழமோ வேண்டாம். கோதுமை மாவு, துவரம் பருப்பு, அரிசி, நெய், சர்க்கரை, பால் என்று சமையலுக்கு ஆவதை மூட்டையாகவோ பாக்கெட்டாகவோ எடுத்துப்போய்ச் சமையலறையில் நேரடியாகக் கொடுங்கள். அன்றைய பந்திக்கே அது போய்ச் சேரும். நம் வீட்டுப் புத்தாண்டுச் சமையலும் அதே நாளில் வந்தால், மாங்காய்ப் பச்சடியை இரவே செய்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். காலைச் சேவையை முடித்துவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்ப நேரம் இருக்கும்.